கைக்கு விட்ட இடம்

"பட்டனைத் தட்டினா வந்துடப் போவுது. இதுக்கு எதுக்கு சார் நாலு நாளு?"

தஞ்சாவூர் தெற்கு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள ஓர் அச்சகத்தில், வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்த நாளொன்றில், இந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. கேட்டவர் மகள் கல்யாணத்துக்கு முந்நூறு பத்திரிகை அடிக்க வந்தவர். முதலாளி பதில் சொல்லவில்லை. சிரித்துவிட்டு ரசீதில் தேதியை எழுதினார். வாதம் செய்ய அவருக்கு நேரமில்லை, எனக்கு இருக்கிறது.

அந்தக் கேள்விக்குள் ஒரு சித்தாந்தமே உட்கார்ந்திருக்கிறது. அச்சு என்றால் எந்திரம். எந்திரம் வந்த இடத்தில் கைக்கு வேலையில்லை. இன்னமும் கை தேவைப்பட்டால் அந்த எந்திரம் பழசு, இல்லையென்றால் அந்த ஊர் பின்தங்கியது. கல்யாண வீட்டார் மட்டும் இப்படி நினைப்பதில்லை. அச்சகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் முன்கட்டில் பளபளக்கும் மெஷின் எத்தனை லட்சம் என்று விசாரிக்கிறார்கள். பின்கட்டில் சம்மணமிட்டு மடித்துக்கொண்டிருப்பவருக்கு என்ன தெரியும் என்று யாரும் விசாரிப்பதில்லை.

இந்தச் சித்தாந்தத்துக்குக் கதர்ச் சட்டை போட்ட தம்பி ஒருவர் உண்டு. எந்திரம் வந்து கைவினையைக் கொன்றுவிட்டது என்பார் அவர். காய்ந்த பூவிதழ் ஒட்டிய கைக்காகித நோட்டை நல்ல விலை கொடுத்து வாங்கி, அதில் எழுத மனம் வராமல் அலமாரியில் வைத்திருப்பார். அண்ணன் கையை ஏளனம் செய்கிறார், தம்பி கையைக் கும்பிடுகிறார். ஆனால் இருவரும் நம்புவது ஒன்றைத்தான்: கையும் எந்திரமும் சக்களத்திகள், ஒருத்தி வந்தால் மற்றவள் வெளியேற வேண்டும்.

என் மறுப்பு இருவருக்கும் சேர்த்துத்தான். நோட்டு, பேரேடு, பில் புத்தகம், பத்திரிகை, டைரி ஆகிய காகிதப் பொருள்களில் கையும் எந்திரமும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். பழசு போய்ப் புதுசு வரும் வரைக்கான சமரசமும் இல்லை இது. அச்சு தொடங்கிய நாளிலிருந்தே நடைமுறை இப்படித்தான்.

*

முதலில் அந்த நாலு நாளை எண்ணிப் பார்த்துவிடுவோம்.

முந்நூறு பத்திரிகைக்கான தாளை ஆஃப்செட் எந்திரம் சில நிமிடங்களில் அடித்துத் தள்ளிவிடும். வந்தவர் சொன்னது அந்த மட்டுக்கும் சரி. ஆனால் எந்திரத்திலிருந்து வெளியே வருவது பத்திரிகை இல்லை; பத்திரிகையின் உருவம் பதிந்த பெரிய தாள். அதில் மை காய வேண்டும். காய்வதற்குள் அடுக்கி வெட்டினால் ஒரு தாளின் பிள்ளையார் அடுத்த தாளின் முதுகில் ஏறிக்கொள்வார். காய்ந்த பிறகு தங்க ஃபாயில், டை கட்டிங், மடிப்புக் கோடு, மடிப்பு, உறை ஒட்டுதல் என்று வரிசையாக வேலை இருக்கிறது. இதில் டை கட்டிங் நடக்கும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால் 'எந்திரம் எதிர் கை' என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அந்த அச்சகத்தின் பின்கட்டில் ஒரு பழைய டிரெடில் நிற்கிறது. ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் அதுதான் முன்கட்டு ராஜா. கணினி வந்ததும் எழுத்துகள் எடைக்குப் போயின, எழுத்துப் பெட்டிகள் விறகாயின. டிரெடில் மட்டும் போகவில்லை. மை உருளையைக் கழற்றிவிட்டு, அதை வெட்டுவதற்கும் கோடு அழுத்துவதற்கும் எண் போடுவதற்கும் வைத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் சின்னஊர் அச்சகங்கள் பலவற்றில் இதே கதைதான். 'காலாவதியான எந்திரம்' ஓய்வு பெறவில்லை, வேறு உத்தியோகத்துக்கு மாறிவிட்டது.

மாறிய உத்தியோகம் என்ன? பத்திரிகையின் ஓரத்தில் மாவிலைத் தோரணம்போல் வளைந்து வெட்டு விழ வேண்டும். அதற்கு எஃகுத் தகட்டை அந்த வளைவுக்குக் கையால் வளைத்து, ஒட்டுப்பலகையில் அறுத்த பள்ளத்தில் பதிக்கிறார்கள். தகட்டின் இருபுறமும் ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டுவார்கள். வெட்டிய தாளைத் தள்ளிவிடுவது அதன் வேலை. முதல் தாளை வெட்டிப் பார்க்கும்போது எப்போதும் ஓரிரு இடத்தில் வெட்டு முழுசாக விழாது. எந்திரம் ஓட்டுகிறவர் அந்தத் தாளைத் திருப்பிப் பின்புறத்தை விரல் நுனியால் தடவுவார். எங்கே மேடு தட்டவில்லையோ, அங்கே நகக்கண் அளவு மெல்லிய காகிதத் துணுக்கைக் கிழித்து, தாள் வந்து அமரும் பரப்பின் அடியில் ஒட்டுவார். மறுபடி ஒரு தாள், மறுபடி தடவல், இன்னொரு துணுக்கு. அரை மணி நேரம் இப்படிப் போகும். பிறகு முந்நூறும் ஒரே மூச்சில் ஓடும்.

இதில் கைவேலை எது, எந்திர வேலை எது என்று கோடு போட்டுப் பிரித்துக் காட்டட்டும் பார்க்கலாம். விரல் இல்லாமல் எந்திரம் வெட்டாது. எந்திரம் இல்லாமல் அந்த விரல் முந்நூறு தாளில் ஒரே வளைவைக் கொண்டுவராது.

*

"கைவேலை என்றால் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, எந்திரம் என்றால் சீராக இருக்கும்" என்பது அடுத்த வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டெல்டாவின் ஐப்பசி கார்த்திகையில் ஓர் அச்சகத்துக்குள் பத்து நாள் உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்ல வாய் வராது.

காகிதம் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் அடைமழைக் காலத்தில் கட்டுப் பிரித்த தாள் சும்மா வைத்திருக்கும்போதே ஓரம் நெளிந்து அலையடிக்கும். நான்கு நிறம் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வேண்டிய எந்திரத்தில் இப்படி நெளிந்த தாளைக் கொடுத்தால், மணப்பெண்ணின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் விழும். ஆகவே அனுபவப்பட்டவர் தாளை முன்கூட்டியே அந்த அறையின் காற்றுக்குப் பழக்குகிறார், கட்டை விசிறிக் காற்றுப் புகவிடுகிறார், தட்டிச் சீராக்குகிறார். எந்திரத்தின் 'சீர்' என்று நாம் புகழ்வதில் பாதி, அதற்குத் தீனி போட்ட ஆளின் சீர்.

இன்னொன்றும் உண்டு. காகிதத்துக்கு நார் ஓடும் திசை இருக்கிறது. இதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். வீட்டில் கிடக்கும் செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், பிறகு குறுக்கே கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நேராகக் கிழியும், மறுபக்கம் கோணிக்கொண்டு போகும். நேராகக் கிழிவதுதான் நார் ஓடும் திசை. ஈரம் பட்டால் தாள் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். ஆகவே நோட்டின் முதுகுக்கு இணையாக நார் ஓடும்படி தாளை வெட்ட வேண்டும். அப்படி வெட்டிக் கட்டிய நோட்டு விரித்த இடத்தில் படிந்து நிற்கும். மாற்றி வெட்டியது முதல் மழைக்கே முதுகோரம் சுருங்கி, பக்கங்கள் பப்படம்போல் நெளிந்துவிடும். பெரிய தாளில் இரண்டு நோட்டு கூடுதலாக விழும் என்று கணக்குப் பார்த்துத் திசையை மாற்றி வெட்டுவது சிக்கனமாகத் தெரியும். பைண்டிங் செய்பவர் தாளைக் கையில் எடுத்து இருபுறமும் லேசாக வளைத்ததுமே சொல்லிவிடுவார். எந்தப் பக்கமாக வளைக்கும்போது தாள் விறைத்து எதிர்க்கிறதோ, அந்தப் பக்கமாகத்தான் நார் நீளவாக்கில் ஓடுகிறது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு கட்டைத் தொட்ட மாத்திரத்தில் தெரிவதற்கு வருஷங்கள் ஆகும்.

பசையும் அப்படியே. மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் கொஞ்சம் சேர்ப்பார்கள், பூச்சி அண்டாமலிருக்க. கூடினால் தாள் கெடும், குறைந்தால் கரப்பானுக்கு விருந்து. சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு இடையே வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் சேர்த்த பொடியைத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கமும் இதே அறிவின் இன்னொரு கிளைதான். காவிரிக் கரையில் காகிதத்தைக் காப்பாற்றுவது தனி வித்தை. அது எந்த மெஷினின் கையேட்டிலும் அச்சாகி வராது.

*

இப்போது வரலாற்றுக்கு வருவோம். எந்திரம் வந்து கையைத் துரத்தியது என்ற கதை வரலாற்றின் பெயரால்தான் சொல்லப்படுகிறது.

ஐரோப்பாவில் அச்சுக் கலையின் தொடக்கம் என்று காட்டப்படுவது 1455 வாக்கில் குட்டன்பர்க் அச்சிட்ட விவிலியம். அந்த நூலின் பக்கங்களில் அத்தியாயத் தலையெழுத்து வரவேண்டிய இடம் அச்சில் வெற்றாக விடப்பட்டது. நூலை வாங்கியவர்கள் அந்த இடத்தில் ஓவியரையும் எழுத்தரையும் கொண்டு சிவப்பிலும் நீலத்திலும் கையால் எழுதிக்கொண்டார்கள். பிறகு தங்களுக்குப் பிடித்தபடி கட்டிக்கொண்டார்கள். ஐரோப்பிய அச்சின் முதல் பெருநூலே கைக்கு இடம்விட்டுத்தான் பிறந்தது.

நம் டெல்டாவின் கதை இன்னும் கெட்டியானது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்குக்கு லண்டனிலிருந்து அச்சு எந்திரம் 1712இல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டு வந்தன. எந்திரம் வந்தாயிற்று, எழுத்து வந்தாயிற்று, பட்டனைத் தட்டினால் வேலை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஹாலேயில் வார்த்த எழுத்துகள் ஆகப் பெரியவை. அவற்றைக் கொண்டு அடித்தால் காகிதம் கொள்ளாது. காகிதமோ கப்பலில் வரவேண்டும். நான்கு நற்செய்திகளையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714இல் அந்தப் பெரிய எழுத்தில் அச்சிட்டார்கள். மிச்சத்துக்கு, எழுத்து வார்க்கத் தெரிந்த ஆட்லர் என்பவர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பொதிகளின் ஈயமும் அதற்கு உருகியது என்று சொல்வார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையானது. பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறை ஒன்றையும் நிறுவினார்கள்.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். கடல் தாண்டி வந்த எந்திரத்தை இந்த மண்ணில் ஓட வைத்தது இங்கே உலையை மூட்டிய ஒரு கை. எந்திரம் வந்ததால் கைக்கு வேலை போகவில்லை; எழுத்து வார்ப்பு, காகிதம் செய்தல் என்று இந்தக் கரைக்குப் புதிய கைவேலைகள் வந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து, தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி தேவநாகரி எழுத்து அச்சகம் வைத்து ஈசாப் கதைகளை மராத்தியில் அச்சிட்டார். அதே காலத்தில் சுவடிகளைத் தேடிச் சேர்க்கவும் படி எடுக்கவும் பண்டிதர்களை அமர்த்தியிருந்தவரும் அவரேதான். ஒன்று வந்ததும் இன்னொன்றை மூட்டை கட்டச் சொல்லும் புத்தி அந்த அரண்மனைக்கு இல்லை.

*

இனி அந்தக் கதர்ச் சட்டைத் தம்பி. அவர் வழக்கமாக மேற்கோள் காட்டும் மனிதர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். 1934இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவில் இருந்து கட்டி நடத்தியவர். கைக்காகிதத் தொழிலுக்கு மறுவாழ்வு கொடுக்க அந்தச் சங்கம் உழைத்தது. ராஜஸ்தானின் சாங்கநேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குமரப்பாவை எந்திர வெறுப்பின் சாமியாராக ஆக்குகிறவர்கள் ஒரு சின்ன விஷயத்தை மறக்கிறார்கள். கைக்காகிதம் பிறகு எங்கே போயிற்று? அச்சகத்துக்குத்தான் போயிற்று. அச்சு எந்திரத்தில் ஏறித்தான் அது நூலாயிற்று, கடிதத்தாளாயிற்று. கைக்காகிதமே முழுக்கக் கையால் ஆனதும் இல்லை. புதுச்சேரியில் 1959இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமக் கைக்காகித ஆலையைப் போன்ற இடங்களில் பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்குவது 'பீட்டர்' என்னும் எந்திரம். நெதர்லாந்துக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்தது அது. அந்தக் கூழைச் சல்லடைச் சட்டத்தில் அள்ளி, ஒரு குலுக்கில் சமமாகப் பரப்புவதுதான் கை. கூழை உலக்கையால் இடித்தே தீருவேன் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. எந்த வேலையை எந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும், எதைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள்.

காவிரியைப் பார்த்தாலே தம்பிக்குப் புரிய வேண்டும். தஞ்சைக்கு மேற்கே, கரூர் மாவட்டக் காவிரிப் படுகையில், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் அரசு நிறுவனத்தின் ஆலை 1984 முதல் ஓடுகிறது. ஊருக்கே காகிதபுரம் என்று பெயர். டெல்டாப் பிள்ளைகள் கைக்கெட்டும் விலையில் நோட்டு வாங்குகிறார்கள் என்றால் அதற்கு இப்படிப்பட்ட ஆலைகளும் சிவகாசியின் அதிவேக எந்திரங்களும்தான் காரணம். லட்சக்கணக்கில் ஒரே அளவில் ஓடும் பள்ளி நோட்டைக் கையால் தைக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். கேட்டால் அது ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். என் வழக்கு அது இல்லை. லட்சத்துக்கு எந்திரம் சரி. நம் வாழ்க்கையில் எத்தனை காரியம் லட்சத்தில் நடக்கிறது?

*

இங்கேதான் "கைவேலை என்றால் விலை கூடுதல்" என்ற மூன்றாவது வாதம் கவிழ்கிறது.

எந்த எந்திரமானாலும் ஓடத் தொடங்குமுன் அதைத் தயார் செய்ய நேரமும் தாளும் செலவாகும். ஐயாயிரம் பிரதி அடித்தால் அந்தச் செலவு தூசு. ஐம்பது அடித்தால் அதுவே மலை. டிஜிட்டல் அச்சு வந்தபின் ஐம்பது, அறுபது என்று அச்சிடுவது எளிதாகிவிட்டது. ஆனால் ஐம்பது புத்தகத்துக்காக மடிப்பு எந்திரத்தையும் தையல் எந்திரத்தையும் யாரும் அளவு மாற்றிப் பூட்ட மாட்டார்கள். அதற்குள் ஒருவர் கையாலேயே மடித்து முடித்துவிடுவார். ஆக, ஆகப் புதிய எந்திரம்தான் கைவேலையைப் பெருக்கியிருக்கிறது! கைக்குத் தருகிற கூலிதான் அதற்கேற்பப் பெருகவில்லை.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அப்பா நாற்பது வருஷம் டைரி எழுதினார். எழுத்தாளர் இல்லை, குடியானவர். மேட்டூர் திறந்த தேதி, குறுவைக்கு நாற்று விட்டது, தாளடி அறுத்தது, மூட்டைக்கு என்ன விலை, யார் யாருக்கு எவ்வளவு கூலி, இவைதான் அதில். அவர் போனபிறகு அவற்றிலிருந்து தேர்ந்து, உறவுக்காரர்களுக்கு மட்டும் என்று அறுபது பிரதி அச்சிட்டேன். வெளியூரில் ஓர் அச்சகம்; பெயர் எதற்கு. தாள் தாளாக அடுக்கி, முதுகில் சூட்டுப் பசை தடவி, அட்டை போர்த்திக் கொடுத்தார்கள். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. சித்திரை வெயிலில் மூன்றாம் முறை விரித்தபோது அப்பாவின் 1977, புயலும் வெள்ளமுமாக, கையோடு வந்துவிட்டது.

அறுபதையும் அள்ளிக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்தேன். மேலே சொன்ன அச்சகத்தின் பின்கட்டில் இருக்கும் பைண்டர் ஒரு பிரதியை வாங்கி, முதுகை விரலால் சுண்டினார். "பெரிய தாளைப் பாரமா மடிச்சிருந்தா நடுவுல தைக்கலாம். இது ஒத்தத் தாளு. ஓரத்துலதான் துளை போடணும்" என்றார். அட்டையைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, ஓரத்தில் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்து, காலிகோத் துணி ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாரம் ஏற்றி வைத்தார். நான்கு நாள் ஆயிற்று. எந்திரம் மிச்சம்பிடித்துக் கொடுத்ததாக நான் நினைத்த காசைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். மலிவு என்று நான் போனது இரட்டைச் செலவு. விலை கூடுதல் என்று நான் தவிர்த்தது கடைசியில் புத்தகத்தைக் காப்பாற்றியது.

மொய் நோட்டிலும் இதே பாடம்தான். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடி மாதத்து மொய் விருந்துகளில் எழுதப்படும் நோட்டு வெறும் கணக்கு இல்லை, கடன் பத்திரம். இன்று ஒருவர் வைத்த தொகையைப் பத்து, இருபது வருஷம் கழித்து அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைக்க வேண்டும். அதுவரை நோட்டு நிற்க வேண்டும். இப்போது பல இடங்களில் கணினி வந்து உட்கார்ந்துவிட்டது, பெயரைச் சொன்னதும் சீட்டு வருகிறது. நல்ல வசதி, ஊர்வாரியாகப் பெயர் தேட ஒரு நொடி போதும். ஆனால் பில் மெஷினில் வரும் சூட்டுத்தாள் சீட்டில் எழுத்து வெயிலிலும் சூட்டிலும் மங்கி, சில வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். விவரம் தெரிந்த வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? பட்டியலை நல்ல தாளில் அச்செடுத்துக் கெட்டி அட்டை போட்டுத் தைத்து, பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைக்கிறார். கணக்கைத் தொகுத்தது கணினி, காப்பது தையல்.

மண்டிக்கடைப் பில் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாளை வரிசை தப்பாமல் அடுக்க வேண்டும். டிரெடிலில் பூட்டிய எண் அச்சு ஒவ்வொரு அழுத்துக்கும் ஓர் எண் நகரும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் ஓர் எண் காணாமல் போகும். ஜிஎஸ்டி பில்லில் எண் வரிசை அறாமல் வர வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்தை நிறைவேற்றுவது எச்சில் தொட்டுத் தாள் தள்ளும் ஒரு பெண்ணின் கட்டைவிரல்.

*

இவ்வளவு இருந்தும் இந்தக் கை நம் கண்ணில் படாததற்குக் காரணம் என்ன? கைவினை என்றால் ஷோகேஸில் வைப்பது என்று நாம் பழகிவிட்டோம். தஞ்சாவூருக்கு இதில் குறையே இல்லை. ஓவியம், கலைத்தட்டு, வீணை, தலையாட்டி பொம்மை எல்லாவற்றுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பெருமைதான். ஆனால் பேரேடு தைப்பவர் கைவினைஞர் கணக்கில் வருவதில்லை; அவர் 'அச்சகத்தில் வேலை செய்யும் ஆள்'. 2023இல் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்காக அறிவித்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள் உள்ளன. பூட்டுச் செய்பவர், பூ கட்டுபவர், மீன்வலை பின்னுபவர், பொம்மை செய்பவர் எல்லாம் இருக்கிறார்கள். புத்தகம் கட்டுபவர் இல்லை. அந்தத் திட்டத்தைப் பற்றி வேறு சண்டைகள் உண்டு, அவை இருக்கட்டும். பட்டியல் போட உட்கார்ந்தவர்களுக்கு இந்தத் தொழில் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் என் வருத்தம். அச்சு என்றதும் எந்திரம் மட்டுமே மனதில் வந்தால் இப்படித்தான் ஆகும்.

விளைவைத் தொழிலில் இருப்பவர்கள் அனுபவிக்கிறார்கள். பைண்டிங் கூலி எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று பைசாக் கணக்கில் பேசப்படுகிறது. பில்லில் அது தனி வரியாக வருவதுகூட அபூர்வம். பையனை இந்த வேலைக்கு விட அப்பா தயங்குகிறார். நாளைக்கு அந்த விரல் இல்லையென்றால் முன்கட்டு மெஷின் தாள் தாளாகத் துப்பிக்கொண்டே இருக்கும், நோட்டு வராது.

யோசித்துப் பார்த்தால் எழுதுபொருள் என்பதே கைக்கு இடம்விட்ட அச்சுதான். மொய் நோட்டின் கோடுகளுக்கு நடுவே இடம். பில்லில் தொகைக்கு இடம். கல்யாணப் பத்திரிகை உறையில் பெயருக்கு இடம். நான்கு மூலையில் மஞ்சள் தடவவும் இடம். மஞ்சள் படும்வரை எங்கள் பக்கம் அது வெறும் அட்டைதான், யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். மஞ்சளையும் அச்சிலேயே போட்டுவிடலாமே என்று இதுவரை யாரும் கேட்காததற்கு நன்றி.

அப்பாவின் டைரி அறுபதும் இப்போது உறவுக்காரர் வீடுகளில் இருக்கிறது. இரண்டாம் பாகம் போடுகிற எண்ணம் உண்டு. நம் நூல்களின் உரிமைப் பக்கத்தில் அச்சகம், அட்டை வடிவமைப்பு, பக்க வடிவமைப்பு என்று எல்லோர் பெயரும் வருகிறது. கட்டியவர் பெயர் வருவதில்லை. அந்தக் கடனைத் தீர்க்கலாம் என்று நினைத்து, பைண்டரிடம் போய், "இந்தத் தடவை உங்க பேரைப் போடலாம்னு இருக்கேன் அண்ணே" என்றேன்.

அவர் முதல் பாகத்தின் பிரதி ஒன்றை எடுத்து விரித்தார். தையல் கெட்டியாக நின்றது. ஆனால் வலப்பக்கத்தில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் எழுத்து தையலுக்குள் முழுகியிருந்தது. அன்று எந்திரத்துக்கு மட்டுமே பக்கம் வடிவமைத்தவர் முதுகுப் பக்கம் ஓரமே விடவில்லை.

"பேரெல்லாம் எதுக்குங்க" என்றார். "கம்ப்யூட்டர்ல பக்கம் போடுறவருகிட்ட இந்த ஓரத்துல முக்கால் இஞ்ச் விடச் சொல்லுங்க. தைக்க எடம் பத்தல."